இலை போடாத முகம்

பியூ நூ பிறந்தபோது உரித்த பனங்குருத்து மாதிரி இருந்தாளாம். பார்க்க வந்த அவள் அப்பாவின் மூத்த அக்கா, பனைத்தோப்புக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், பிள்ளையைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அங்கேயே பெயரைச் சொல்லிவிட்டாள். பியூ என்றால் வெள்ளை, நூ என்றால் இளசு. பர்மாவில் பகொக்குப் பக்கத்தில் இந்தப் பெயரில் தெருவுக்கு ஒருத்தி உண்டு. ஆனால் முப்பது வயதில், யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் இவள் ஒருத்திதான்.

அவள் வேலை பார்த்தது ஐராவதிக் கரையில் ஒரு பயற்றுக் களத்தில். தார்ப்பாய் விரித்து உளுந்தும் பாசிப்பயறும் கொட்டிவிடுவார்கள். பெண்கள் வரிசையாக அதன் மேலே காலை இழுத்து இழுத்து நடக்க வேண்டும். ஒரு கோடி போய்த் திரும்பினால் அடிப்பயறு மேலே வந்திருக்கும். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் நாலு மணி வரை இதே நடைதான். மேலே வெயில், கீழே தார்ப்பாயின் சூடு. தலையில் மூங்கில் தொப்பி, முகத்தில் தனகா. அந்த ஊரில் பல் தேய்க்காமல் வெளியே போனாலும் போவார்கள், கல்லில் தனகாக் கட்டையை உரைத்து முகத்தில் பூசாமல் ஒரு பெண்ணும் போக மாட்டாள்.

அதே களத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன் ஸேயா. டோ ஓன் தின் என்பவளுக்கு ஒரே மகன். அப்பன் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தபோது இவனுக்கு ஒன்பது வயது. கலியாணம் ஆன பிறகு அவனுக்கு ஒரு வேலை சேர்ந்துகொண்டது. காலையில் பியூ நூவை முன்னால் உட்கார வைத்து, அவள் இரண்டு கன்னத்திலும் தனகாவால் அரச இலை போடுவான். விரலால் இலை வடிவத்தில் பூசி, அது காய்வதற்குள் பழைய பல் தூரிகையால் நரம்பு நரம்பாகக் கீறுவான். நடுநரம்பு நேராக வர வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொள்வான்.

"இவ்வளவு நேரம் மூஞ்சியப் பாக்குறியே, வேலைக்கு நேரமாவுது."

"அசையாத. அசைஞ்சா வாழையிலை ஆயிடும்."

களத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். "ஏன்டி, உன் புருஷன் மூட்டை தூக்குறானா, கோயில்ல சித்திரம் எழுதுறானா?" பியூ நூ சிரித்துக்கொண்டே நடப்பாள். இலையைச் சுற்றி வெறும் கன்னம் தெரியும். அந்தக் கன்னத்தில் அப்போது ஒரு பொட்டுக் குறை கிடையாது.

அவள் வயிற்றில் நாலு மாதம் இருக்கும்போது ஸேயா மலேயாவுக்குப் போனான். அவன் சிற்றப்பன் மகன் ஒருவன் அங்கே மரச்சாமான் செய்கிற தொழிற்சாலையில் இருந்தான், அவன் மூலமாக. மூன்று வருஷம் என்று சொல்லிப் போனது. அது ஐந்து வருஷமாக நீண்டது.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடி பார்த்தபோது வலது கன்னத்து எலும்பின் மேல் தேயிலைக் கறை மாதிரி ஒன்று தெரிந்தது. தேய்த்தாள், போகவில்லை. பத்து நாளில் இடது பக்கமும் வந்தது. நம் பக்கம் மங்கு என்கிறோமே, அதுதான். அங்கே அதற்குத் தின் தெய் என்று பெயர். தின் என்றால் முகப்புள்ளி. தெய் என்றால் சத்தமில்லாமல் இருப்பது. வலிக்காது, அரிக்காது, வந்தது தெரியாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"பிள்ள பொறந்தா போயிடும்" என்றார்கள். மழைக்காலத்தில் பெண்குழந்தை பிறந்தது, மோ மோ என்று பெயர் வைத்தார்கள். மோ என்றால் மழை. மங்கு போகவில்லை. மூன்றாம் மாதமே பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு பியூ நூ களத்துக்குத் திரும்பினாள். வெயில் அந்தக் கறையைத் தின்று வளர்த்தது. மேல் உதட்டில் மீசை போல ஒன்று, நெற்றியில் இரண்டு, கன்னம் இரண்டும் பழுப்பு.

டோ ஓன் தின் கெட்டவள் இல்லை, ஆனால் வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள்.

"உனக்கு ரத்தம் சரியில்ல. சரியா இருந்தா முகத்துக்கு ஏறுமா? இந்தா, ரத்த மருந்து. தேன்ல கொழச்சு முழுங்கு."

"முழுங்கிட்டுத்தானே இருக்கேன் அமே. அஞ்சு டப்பா ஆச்சு."

"ஆறாவது முழுங்கு. பேரு வெள்ளச்சி, மூஞ்சி கரிச்சட்டி. என் மகன் பாத்தா என்ன சொல்லுவான்?"

கடைசியில் சொன்னதுதான் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் பார்த்தால் என்ன சொல்லுவான்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸேயாவுக்கு ஓய்வு. போனில் முகம் பார்த்துப் பேசுவான். பன்னிரண்டு மணிக்கே பியூ நூ கல்லின் முன்னால் உட்கார்ந்து, வழக்கமாக உரைப்பதைவிட மூன்று பங்கு உரைப்பாள். நெற்றி, மூக்கு, கன்னம், தாடை எல்லாம் ஒரு விரல் கனத்துக்குப் பூசுவாள். அதுவும் போதாதென்று வாசல் வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்கும்படி உட்காருவாள்.

"என்ன பியூ, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. ஏன் இலை போடுறதில்ல?"

"இலை போடுற ஆளு அங்கல்ல இருக்கு."

அவன் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். சிரிக்கும்போது காய்ந்த தனகா வாயோரத்தில் வெடிக்கும், உடனே நிறுத்திக்கொள்வாள். இப்படியே நாலு வருஷம். மோ மோவை அவன் பார்த்தான், தவழ்ந்ததைப் பார்த்தான், பல் முளைத்ததைப் பார்த்தான். பெண்டாட்டி முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அது அவனுக்குத் தெரியாது.

மார்கழிக் குளிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னான்: "திஞ்சானுக்கு வர்றேன். டிக்கெட் போட்டாச்சு. திரும்பிப் போகப்போறதில்ல."

டோ ஓன் தின் கையைத் தட்டிக்கொண்டு அழுதாள். மோ மோ குதித்தாள். பியூ நூவுக்கு முதலில் மனசு பொங்கியது. அடுத்த நொடி கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. திஞ்சான் என்றால் சித்திரைத் தண்ணீர்த் திருவிழா. நாலு நாள் ஊரே ஒருத்தர் மேல் ஒருத்தர் தண்ணீர் ஊற்றும். எந்தத் தனகாவும் நிற்காது. அவன் வந்து இறங்குகிற நாளில், தெருமுனை தாண்டுவதற்குள் யாராவது ஒரு வாளி ஊற்றினால் போதும்.

நாலு மாதம் இருந்தது. மா தீதாவைத் தேடிப் போனாள்.

மா தீதா வேற்றாள் இல்லை. டோ ஓன் தின்னின் தங்கை புருஷனுக்கு முதல் தாரத்து மகள். சந்தையில் வளையல், சீப்பு, சோப்பு விற்கிறாள். கடைக்கு முன்னால் அடுக்கியிருப்பது அதெல்லாம். பலகைக்குக் கீழே பெயர் ஒட்டாத வெள்ளை டப்பாக்கள் இருக்கும். கலவைக் கிரீம். எங்கே கலக்கிறார்கள், எதைக் கலக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

"ஏழு நாள்டி தங்கச்சி. ஏழே நாள். எட்டாம் நாள் நீயே என் கடைக்கு வந்து கண்ணாடி கேப்ப."

"எரியுமா அக்கா?"

"கொஞ்சம் எரியும். எரிஞ்சாத்தான் வேல செய்யுதுன்னு அர்த்தம். எரிச்சல் தாங்கலன்னா மேல தனகா போட்டுக்கோ, குளுகுளுன்னு இருக்கும்."

அந்த ஊரில் இதைத் தப்பென்று யாருக்கும் தோன்றாது. சூட்டுக்குத் தனகா, அரிப்புக்குத் தனகா, அம்மை வடுவுக்குத் தனகா. இரவில் கிரீம் பூசிப் படுத்தாள். காலையில் எரிந்தது. தனகா போட்டாள், குளிர்ந்தது. எரிச்சல் எச்சரிக்கையாக வந்தது, தனகா அதன் வாயைப் பொத்திவிட்டது.

ஏழு நாள் இல்லை, பதினோரு நாள் ஆயிற்று. ஆனால் மா தீதா சொன்னது நடந்தது. கறை மங்கி, மங்கி, ஒரு காலையில் காணவில்லை. முகம் வெங்காயத் தோல் மாதிரி மினுங்கியது. களத்துப் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள்.

"என்னடி பண்ண? எங்களுக்கும் சொல்லு."

"மலேயாவுல இருந்து புருஷன் அனுப்பியிருப்பான்."

"பியூ நூ இப்பத்தான் பேருக்கு ஏத்த மாதிரி இருக்கா."

அவளே இரண்டு பேரை மா தீதா கடைக்குக் கூட்டிப்போனாள். அதை நினைத்து நினைத்துப் பின்னால் அழுதாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சமாக மட்டும் தனகா பூசி, வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து பேசினாள். ஸேயா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். அப்புறம், "நீ நான் விட்டுட்டு வந்த மாதிரியே இருக்கே" என்றான். கலியாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை அவளுக்கு.

இரண்டாம் டப்பா பாதியில் மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பு நூல் நூலாக நரம்பு தெரிய ஆரம்பித்தது. வெந்நீர் பட்டால் துடித்தது. பயந்துபோய் இரண்டு நாள் கிரீமை நிறுத்தினாள். மூன்றாம் நாள் கறை முன்னைவிடக் கறுப்பாக எழுந்து வந்தது. அலறியடித்துக்கொண்டு மறுபடி பூசினாள். அதற்குப் பிறகு அது ஒரு நாள் பூசாவிட்டால் கறுப்பு, பூசினால் நெருப்பு என்று ஆனது. வலது கண்ணுக்குக் கீழே ஒரு இடம் உரிந்து, நீர் கோத்து, காயாமல் கிடந்தது. அதன் மேலும் தனகா போட்டாள். தனகா காய்ந்து இறுகும்போது தோலும் சேர்ந்து இறுகிப் பிளந்தது.

மாசி பிறந்து ஒருநாள் உச்சிவெயிலில் களத்தின் நடுவில் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு பயற்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நடந்தவள் கையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது என்னடி, வெந்துபோயிருக்கு" என்று கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சயாமா மார் லே இருந்தாள். சயாமா என்றால் அங்கே வாத்தியாரம்மாவும் நர்ஸம்மாவும் ஒன்றுதான், மரியாதை ஒன்றுதான். குள்ளம், தடித்த கண்ணாடி, கடுகடுப்பு. வெள்ளைத்துணியை நனைத்து நனைத்துத் தனகாவை எடுத்தாள். பாதி எடுக்கும்போதே அவள் வாய் இறுகியது.

"டப்பா எங்க?"

பியூ நூ பைக்குள் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். சயாமா மோந்து பார்த்தாள்.

"இதுல பாதரசம் இருக்கா, வேற கண்டது இருக்கான்னு கடவுளுக்குத்தான் தெரியும். இந்த வருஷம் நீ ஒன்பதாவது ஆளு. யாரு வித்தது?"

"சொந்தக்காரங்க."

"சொந்தக்காரங்கதான் விப்பாங்க. வேத்து ஆளுகிட்ட நீங்க வாங்க மாட்டீங்களே." கையைக் கழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நல்லாக் கேளு. உன் தோலு இப்ப உரிச்ச கோழி. கிரீம் இன்னியோட சரி. தனகாவும் தொடக் கூடாது."

"தனகாவுமா? அது குளிர்ச்சிதானே சயாமா?"

"நல்ல தோலுக்கு. உனக்குத் தோலே இல்ல. உள்ளேயிருந்து ஈரம் போய்க்கிட்டே இருக்கு, நீ அது மேல மண்ணப் பூசிக் காயவைக்கிற." அலமாரியிலிருந்து ஒரு டப்பா எடுத்தாள். வாசனை இல்லை, நிறம் இல்லை, பார்க்க வெறும் தயிர்போல இருந்தது. "இதுக்கு மாய்ஸ்சரைசர்னு பேரு. இது ஒண்ணும் வெளுக்காது. ஈரத்தப் புடிச்சு வைக்கும், அவ்வளவுதான். பச்சத்தண்ணில முகத்தக் கழுவு. தேய்க்காத. துணியால ஒத்தி எடு. ஈரம் இருக்கும்போதே இதப் பூசு. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. வெளிய போனா வெயிலுக்கு இந்த இன்னொண்ணு, அதுக்கு மேல தொப்பி. களத்துல நடக்கிற வேலைய விடு. நெழல்ல ஏதாவது கேளு."

"மங்கு போயிடுமா?"

"புண்ணு ஆறும். செவப்பு கொறையும். மங்கு, வெயில் படாம பாத்துக்கிட்டா, மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா வெளிறும். சுத்தமாப் போயிடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"திஞ்சானுக்கு ஏழு வாரந்தான் இருக்கு சயாமா. வீட்டுக்காரர் வர்றாரு."

சயாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "முகத்துக்குத் திருவிழா தெரியாதும்மா" என்றாள்.

களத்தில் அவளைக் கொட்டகைக்குள் கல் பொறுக்கப் போட்டார்கள். கூலி குறைவு. கிரீமை நிறுத்திய முதல் இரண்டு வாரம் முகம் பழிவாங்கியது. வீங்கி, சிவந்து, கறுத்து, செதில் செதிலாக உதிர்ந்தது. கண்ணாடியை லுங்கித் துணியால் மூடினாள். காலையும் மாலையும் மண்பானை முன் குனிந்து கழுவி, ஒத்தி, அந்தத் தயிர்க்கிரீமைப் பூசினாள். கையளவு வேலை, ஆனால் நம்பிக்கை இல்லாமல் செய்தாள். எரியாத மருந்து எப்படி வேலை செய்யும்?

ஸேயாவிடம் போன் கீழே விழுந்து காமிரா உடைந்துவிட்டது என்றாள். குரல் மட்டும் போதும் என்று அவன் சொன்னான். ஏழு வாரம் குரலில்தான் பேசினார்கள். முன்னைவிட நிறையப் பேசினார்கள். அவன் கண்ணில் கடைசியாக நின்றது அந்தக் கிரீம் கொடுத்த முகம்.

வெறும் முகத்தோடு தெருவில் போவது இன்னொரு தண்டனை. "என்ன, வீட்டுல துக்கமா?" என்று தெரியாதவர்கள்கூடக் கேட்டார்கள். மா தீதா ஒருநாள் வாசலில் வந்து நின்று, "பாதில நிறுத்துனா அப்படித்தான் ஆவும். என் மேல பழி போடாத" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனாள். ஆறாவது வாரம் கண்ணுக்குக் கீழே இருந்த புண் ஆறியது. சிவப்பாக ஒரு வடு மிச்சம். உரிவது நின்றது. கறை அப்படியே இருந்தது.

திஞ்சான் முதல் நாள் காலையில் ஸேயா ரங்கூனிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். டோ ஓன் தின் வேங்கைப் பூக் கொத்து வாங்கிவந்து பானையில் சொருகினாள். வெல்லம் வைத்த அரிசி உருண்டைக்கு மாவு பிசைந்தாள். எல்லாம் முடித்துவிட்டுக் கல்லை எடுத்து வைத்துத் தனகா உரைத்தாள். முதலில் பேத்தியை இழுத்து உட்கார வைத்து இரண்டு கன்னத்திலும் இலை போட்டாள். வாழையிலை மாதிரித்தான் வந்தது. அப்புறம் மருமகளைப் பார்த்தாள்.

"இங்க வா. ஒரே ஒரு நாள். அவன் வரட்டும், சாப்பிடட்டும், களைப்பாறட்டும். நாளைக்கு மெதுவாச் சொல்லிக்கலாம்."

"சயாமா வேணாம்னு சொல்லியிருக்காங்க அமே."

"சயாமாவா உன் புருஷன்? அஞ்சு வருஷம் கழிச்சு வர்றவன் கண்ணுல மொத மொதல்ல இதையா காட்டுவ?" கிழவியின் குரல் கடுமையில் தொடங்கிக் கெஞ்சலில் முடிந்தது. "எனக்குப் பயமா இருக்குடி. வந்தவன் திரும்பிப் போயிட்டா?"

பியூ நூ குனிந்து இரண்டு விரலால் தனகாவை வழித்தாள். அந்த வாசனை பிறந்ததிலிருந்து கூட வருவது. கன்னத்தில் வைத்தாள். குளிர்ச்சி உள்ளே இறங்கியது. ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்டது போலிருந்தது. அடுத்த கணம் ஆறின வடுவின் மேல் ஊசி குத்தியது. இன்றைக்குப் போட்டால் நாளைக்கும் போட வேண்டும். நாளை மறுநாளும். மூடினால் மூடிக்கொண்டே இருக்க வேண்டும். பானையண்டை போய்க் கழுவினாள், ஒத்தினாள், கிரீமைப் பூசினாள். தொப்பியை எடுத்துக்கொண்டு மோ மோவின் கையைப் பிடித்தாள்.

பஸ் நிற்கிற இடத்தில் கூட்டம் நெரிந்தது. பாட்டு, வாளி, குழாய், ஈரத் துணி. பத்தரைக்குப் பஸ் வந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ ஆளாக ஸேயா இறங்கினான். தோள் அகன்று, காதோரம் நரைத்து, ஆனால் அவனேதான். மோ மோ போனில் பார்த்த முகத்தை உடனே கண்டுபிடித்துவிட்டாள். "அஃபே!" என்று கத்திக்கொண்டு கையை உருவிக்கொண்டு ஓடினாள். அவன் பைகளைப் போட்டுவிட்டு மகளை அள்ளி எடுத்தான். ஒரு கை ஈரமும் தனகாவும் அவன் சட்டையில் அப்பிக்கொண்டன.

பியூ நூ எதிரில் போய் நின்றாள். அவன் மகளின் தலைக்கு மேலே அவளைப் பார்த்தான். சிரித்தான். மரியாதையான சிரிப்பு. பிறகு அவளைத் தாண்டிக் கூட்டத்தைப் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"ரொம்ப நன்றிக்கா. பிள்ளையக் கூட்டிட்டு வந்தீங்களே," என்றான். "இவ அம்மா வரலையா?"

பியூ நூ தொப்பியைக் கீழே இழுத்துக்கொண்டாள். திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. யாரோ ஒரு அக்காவாகவே இருந்துவிட்டுப் போய்விடலாம்.

"வந்திருக்கேன்" என்றாள்.

குரல் காதில் விழுந்ததும் அவன் முகம் மாறியது. குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவன் மாதிரி ஒரு நொடி அவள் தோளைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான். அப்புறம்தான் முகத்துக்கு வந்தான்.

"பியூ?"

அதற்குள் பையன்கள் கூட்டம் ஒன்று மூவர் தலையிலும் வாளியைக் கவிழ்த்துவிட்டு "புது வருஷம் குளுமையா இருக்கட்டும்!" என்று கூவிக்கொண்டு ஓடியது. மோ மோ கன்னத்து இலை வழிந்து கழுத்தில் இறங்கியது. பியூ நூ முகத்திலிருந்து வழிய ஒன்றுமில்லை.

மூன்று சக்கர வண்டியில் வீட்டுக்கு வரும்வரை அவன் மகளிடம் மட்டும் பேசினான்.

வீட்டில் டோ ஓன் தின் மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள், உருண்டையை வாயில் திணித்தாள். திஞ்சான் உருண்டையில் ஒன்றிரண்டில் வெல்லத்துக்குப் பதில் பச்சைமிளகாய் வைப்பது வழக்கம். மோ மோ பொறுக்கி எடுத்துக் கொடுத்தது அதுதான். ஸேயா கடித்தான், கண்ணில் தண்ணீர் பொங்கியது. பாட்டியும் பேத்தியும் கைகொட்டிச் சிரித்தார்கள். "மலேயாவுல மொளகா கெடையாதாடா?" உறைப்பு போயிருக்க வேண்டிய நேரம் போயும் அவன் கண் நிற்கவில்லை. பியூ நூ மட்டும் அதைப் பார்த்தாள்.

பையைத் திறந்தான். மகளுக்குப் பொம்மை, அம்மாவுக்குக் கம்பளி. கடைசியில் பட்டுத்தாளில் சுற்றிய பெட்டி ஒன்றை எடுத்து, பாதியில் கை தயங்கி, மறுபடி பைக்குள் வைக்கப் பார்த்தான். டோ ஓன் தின் விடவில்லை, பிடுங்கிப் பிரித்தாள். உள்ளே வரிசையாக நாலு கிரீம். வெள்ளை முகக்காரி ஒருத்தி படம் போட்டது.

"பாத்தியாடி! உன் புருஷனே கொண்டாந்துட்டான். இது வெளிநாட்டுச் சரக்கு, மா தீதா வித்தது மாதிரியா?"

ஸேயா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "போன்ல எப்பவும் வெள்ளையாவே இருந்தியா... உனக்கு அதுதான் புடிக்கும்னு நெனச்சேன். ஆறு மாசம் முன்னாடியே வாங்கி வச்சேன்."

பியூ நூ பெட்டியை மூடினாள். "எனக்கு வேணாம்."

"அப்ப தீதாகிட்டக் குடுத்துடுறேன்" என்றாள் கிழவி.

"வேணாம் அமே. அவ விப்பா." எழுந்து போய் நாலையும் ஒவ்வொன்றாகத் திறந்து அடுப்புச் சாம்பல் குழியில் கொட்டிவிட்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

திருவிழா நாலு நாளும் ஊர் நனைந்தது. வீட்டுக்குள் ஒரு வறட்சி. ஸேயா கோபப்படவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. ஆனால் பியூ நூ ஒன்றைக் கவனித்தாள். அவள் மூங்கில் தட்டிக்குப் பின்னால் சமையல் வேலையாக இருந்தால், இந்தப் பக்கத்திலிருந்து சரளமாகப் பேசுகிறான். தொழிற்சாலைக் கதை, சிற்றப்பன் மகன் கதை, எல்லாம். சாப்பாட்டுத் தட்டோடு முன்னால் வந்து உட்கார்ந்தால் பேச்சு அறுந்துபோகிறது. ஒருமுறை அவள் கேட்டதற்குப் பதில் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். மூடினால்தான் அவனுக்குப் பெண்டாட்டி தெரிகிறாள்.

நாலாம் நாள் காலை அவள் பானையண்டை முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான். கையில் பழைய பல் தூரிகை. எங்கே தேடி எடுத்தானோ.

"இலை போடட்டுமா?"

"கூடாது. சயாமா இன்னும் ரெண்டு மாசம் கல்லத் தொடக் கூடாதுன்னாங்க."

அவன் தூரிகையை வைத்துக்கொண்டு நின்றான். போகவும் இல்லை. பியூ நூ முகத்தை ஒத்தி எடுத்துவிட்டு அந்த டப்பாவை நீட்டினாள்.

"இதப் பூசு. ஈரம் காயறதுக்குள்ள பூசணும்."

எதிரில் குந்தினான். விரலில் எடுத்தான். கை அவள் முகத்துக்கு அருகில் வந்ததும் இமை தானாக இறங்கியது.

"கண்ணத் தொறந்துட்டுப் பூசு" என்றாள்.

திறந்தான். நெற்றியில் வைத்தான். பயற்று மூட்டை தூக்கின விரல், மரம் இழைத்த விரல், சொரசொரப்பாக இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எரியுதா?"

"இது எரியாது."

விரல் வலது கன்னத்துக்கு வந்தது. கறையின் ஓரத்தில், இலைக்கு ஓரம் கட்டுவது போல மெதுவாகப் போயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இது எப்ப?"

"மோ மோ வயித்துல. ஏழாம் மாசம்."

"இது?" இடது பக்கம்.

"அதுக்குப் பத்து நாள் கழிச்சு."

மேல் உதட்டைத் தொட்டான்.

"அது அவளுக்கு ஒரு வயசு நெறஞ்ச வருஷம். வெயிலு அதிகம் அப்ப. நீ கால்ல பலகை விழுந்து படுத்திருந்தியே, அந்தச் சித்திரை."

"நீ ஒண்ணுமே சொல்லல."

"நீயும் பலகை விழுந்தத ஒரு மாசம் கழிச்சுத்தான சொன்ன."

தெருவில் கடைசி நாள் வாளிகள் சத்தமிட்டன. விரல் கண்ணுக்குக் கீழே வந்து நின்றது. அங்கே பழுப்பில்லை, வேறு நிறம். சிவப்பாக, வழவழவென்று, அரைக் காசு அளவில்.

"இது?"

பியூ நூ சொல்லத்தான் வேண்டுமா என்று பார்த்தாள். அவன் கண் திறந்துதான் இருந்தது.

"இதுவா? இது நீ வர்றேன்னு சொன்னப்புறம் வந்தது."

அவன் விரல் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கிரீம் அங்கேயே காய்ந்துகொண்டிருந்தது.